3,584

என் அண்ணன் மகன் கல்லூரியில் அனிமேஷன் படிக்கிறான். கம்ப்யூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்க ஆறு மாதமாகப் பணம் சேர்த்தான். சேர்ந்த தொகைக்குள் அடங்கியவை இரண்டே இரண்டு, இரண்டும் ஒருவர் பயன்படுத்தி விற்பவை. நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, வலப்பக்கம் ஆர்டிஎக்ஸ் 3060 என்று எழுதி, வரி வரியாக நிரப்பிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டான்.

"சித்தப்பா, இது 2017, அது 2021. ரெண்டுலயும் கோர் 3,584னுதான் போட்டிருக்கு. நடுவுல நாலு வருஷம் என்னதான் பண்ணினாங்க?"

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியவில்லை. சொல்ல உட்கார்ந்தபோது, இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தத் துறை எதோடு மல்லுக்கட்டுகிறது என்பது முழுவதையும் சொல்ல வேண்டியிருந்தது.

ஒற்றுமை அந்த ஒரு எண்ணோடு நிற்கவில்லை. இரண்டு சிப்புகளிலும் கோர்கள் 128, 128 ஆகக் கொத்துக் கொத்தாக வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டிலும் 28 கொத்துகள். பெருக்கினால் 3,584. இன்னும் உள்ளே போனால், இரண்டிலுமே சிலிக்கானில் பொறிக்கப்பட்டவை 30 கொத்துகள். இரண்டை அணைத்துவிட்டு விற்கிறார்கள். ஆயிரம் கோடிக்கு மேல் டிரான்சிஸ்டர்களைப் பொறிக்கும்போது எங்காவது ஒரு பழுது விழத்தான் செய்யும். பழுது விழுந்த கொத்தை மூடிவிட்டால் மீதிச் சிப்பு வீணாகாது. டிரான்சிஸ்டர் எண்ணிக்கையிலும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான், சுமார் 1,200 கோடி. ஆனால் 1080 டிஐ வெளிவந்தபோது அது 699 டாலர், அன்றைய உச்சிக் கார்டுகளில் ஒன்று. 3060 வெளிவந்தபோது 329 டாலர், நடுத்தர ரகம். நான்கு ஆண்டுகளில் நடந்தவற்றில் முதலாவது இதுவே: ஒரு காலத்து உச்சி அடுத்த காலத்தின் நடுவுக்கு இறங்கி வந்தது.

கோர் என்ற சொல்லை முதலில் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிராசசரின் கோர் தனியாக ஒரு நிரலை வாங்கி, முடிவெடுத்து, நடத்தும். கிராபிக்ஸ் கார்டின் கோர் தானாக எதையும் முடிவு செய்யாது. இரண்டு எண்களைப் பெருக்கி மூன்றாவதைக் கூட்டும் கணக்குப் பொறி அது. நடவு வயலில் வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்களைப்போல 32 கோர்கள் ஒரே கட்டளைக்கு ஒரே நேரத்தில் அசையும். திரையின் இருபது லட்சம் புள்ளிகளுக்கும் ஒரே கணக்கைத்தான் செய்ய வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு செல்லுபடியாகிறது.

ஒரு துடிப்புக்கு ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், ஆக இரண்டு கணக்கு. 1080 டிஐ-யின் அறிவிக்கப்பட்ட வேகம் நொடிக்கு 158.2 கோடித் துடிப்பு, 3060-க்கு 177.7 கோடி. 3,584-ஐ இரண்டால் பெருக்கித் துடிப்பாலும் பெருக்கினால் பழையதற்கு நொடிக்கு 11.3 லட்சம் கோடிக் கணக்கு, புதியதற்கு 12.7 லட்சம் கோடி. டெராஃப்ளாப் என்று பெட்டியில் அச்சடிப்பது இதைத்தான். இதன்படி 3060 பன்னிரண்டு விழுக்காடு முந்த வேண்டும். ஆனால் ஒளிக்கதிர்களைத் தொடரும் ரே டிரேசிங் இல்லாத வழக்கமான விளையாட்டுகளில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தால் 1080 டிஐ சமமாகவோ சற்றே முன்னாலோதான் நிற்கிறது. கணக்கில் பின்தங்கிய கார்டு களத்தில் முந்துகிறது.

இதன் காரணத்தை விளக்க ஏரியும் வாய்க்காலும் உதவும். கார்டில் உள்ள நினைவகம் ஏரி. கோர்கள் வயல். இரண்டுக்கும் நடுவே வாய்க்கால். வயல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வாய்க்காலில் வரும் நீருக்குத்தான் விளையும். வாய்க்காலின் அகலத்தைப் பஸ் என்கிறோம், பிட் கணக்கில் சொல்கிறோம். 1080 டிஐ-க்கு அது 352 பிட், ஒவ்வொரு கம்பியிலும் நொடிக்கு 11 ஜிகாபிட் ஓட்டம். நொடிக்கு 484 ஜிகாபைட் வந்து சேரும். 3060-இல் ஓட்டம் 15 ஜிகாபிட்டாகக் கூடியிருக்கிறது, ஆனால் அகலம் 192 பிட் மட்டும்; 360 ஜிகாபைட். கோர் ஒன்றுதான், நீர் கால் பங்கு குறைவு. நூற்றுக்கு நூறு விளைச்சலை எப்படி எதிர்பார்ப்பது? அதோடு, படங்களைச் சித்திரப் பரப்பில் ஒட்டும் பொறிகள் பழையதில் 224, புதியதில் 112. முடிந்த புள்ளியைத் திரைக்கு எழுதும் பொறிகள் 88-உம் 48-உம். கோர் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் இவற்றைக் கடைசிப் பக்கத்துச் சிறிய எழுத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

ஏரியின் கொள்ளளவுகூட இந்த அகலத்திலிருந்தே பிறக்கிறது. ஒரு நினைவகச் சிப்புக்கு 32 பிட் வாய்க்கால். 352 பிட் என்றால் பதினொரு சிப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு ஜிகாபைட். ஆகவே 11 ஜிபி என்ற விசித்திர எண். 192 பிட் என்றால் ஆறு சிப்பு. இரண்டிரண்டு ஜிகாபைட் வைத்து 12 ஜிபி. நடுத்தர 3060-இல் மேல்தர அண்ணன்மார் சிலரைவிட அதிக நினைவகம் இருப்பதன் ரகசியம் இதுதான். உடன்பிறப்பான 3080 வந்தபோது 10 ஜிபியோடுதான் வந்தது.

வாய்க்கால் பிரச்சினை புதிதல்ல. 1999-இல் வந்த ஜிஃபோர்ஸ் 256 இரண்டு வடிவங்களில் விற்கப்பட்டது. சிப்பு ஒன்றே, அதே 120 மெகாஹெர்ட்ஸ். ஒன்றில் பழைய வகை நினைவகம், நொடிக்கு 2.7 ஜிகாபைட், மற்றதில் டிடிஆர், 4.8 ஜிகாபைட். 32 பிட் நிறத்தில், பெரிய திரையளவில் இரண்டாவது கார்டு தனியாகத் தெரியும்படி முன்னால் ஓடியது. கணக்குப் பொறி அன்றைக்கே பசியோடுதான் நின்றது.

அந்தப் பசி எப்படி வளர்ந்தது என்பதை ஒரே ஒரு வகுத்தலில் பார்த்துவிடலாம். நொடிக்கு எத்தனை கணக்கு செய்ய முடியும் என்பதை நொடிக்கு எத்தனை பைட் வரும் என்பதால் வகுக்க வேண்டும். 2006-இல் வந்த 8800 ஜிடிஎக்ஸ் கார்டுக்கு, 128 கோர்களின் பெருக்கல்-கூட்டல் கணக்கை எடுத்தால், விடை 4. அதாவது ஒரு பைட் வந்தால் அதை வைத்து நான்கு கணக்கு செய்தால் போதும், சிப்பு சும்மா இருக்காது. 1080 டிஐ-க்கு விடை 23. 3060-க்கு 35. 2023-இல் வந்த 4060-க்கு 55. ஏறத்தாழ பதினேழு ஆண்டுகளில் பசி பதினான்கு மடங்கு ஆகியிருக்கிறது. வந்த பைட்டை ஐம்பத்தைந்து முறை பயன்படுத்தாத நிரல் புதிய கார்டில் ஓடினாலும் அதன் வலிமையில் ஒரு பகுதியைத்தான் தொடுகிறது. 2009-இல் சாமுவேல் வில்லியம்ஸ், ஆண்ட்ரூ வாட்டர்மன், டேவிட் பாட்டர்சன் மூவரும் இதைக் கூரை வடிவ வரைபடமாக்கிக் காட்டினார்கள். பைட்டுக்குக் குறைவான கணக்கு செய்யும் நிரல்கள் கூரையின் சரிவான பகுதியில் முட்டிக்கொள்கின்றன; அங்கே கோர்களைக் கூட்டிப் பயனில்லை. அதிகக் கணக்கு செய்பவை மட்டுமே தட்டையான உச்சியை எட்டுகின்றன. கார்டுகளை ஒப்பிட உட்காரும் எவருக்கும் நான் முதலில் காட்டுவது இந்தப் படத்தைத்தான்.

வாய்க்காலை ஏன் அகலப்படுத்தவில்லை? டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதே பரப்பில் இரு மடங்கு அடைக்கலாம். வெளியே போகும் கம்பிகளோ சிப்பின் விளிம்பில்தான் இடம் பிடிக்க வேண்டும். பரப்பு சுருங்கினால் விளிம்பும் சுருங்கும். போர்டில் ஓடும் செம்புத் தடங்கள் சிலிக்கானைப்போல ஆண்டுக்காண்டு மெலிவதில்லை. தவிர, ஓர் எண்ணைப் பெருக்கச் செலவாகும் மின்சாரத்தைவிட அதை வெளி நினைவகத்திலிருந்து கொண்டுவரச் செலவாகும் மின்சாரம் பல மடங்கு அதிகம்.

ஆகவே வயலோரத்திலேயே கிணறு வெட்டினார்கள். சிப்புக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகம் அது. 2020-இல் போட்டி நிறுவனமான ஏஎம்டி தன் ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டி கார்டில் 128 மெகாபைட் கேஷ் வைத்து, 256 பிட் வாய்க்காலோடு உச்சிக் கார்டுகளுடன் மோதிக் காட்டியது. நம் இரண்டு கார்டுகளையும் வடிவமைத்த என்விடியா அடுத்த தலைமுறையில் அதே பாதைக்கு வந்தது. 3060-இல் இரண்டாம் நிலைக் கேஷ் 3 மெகாபைட், 4060-இல் 24. இங்கேதான் பழையதையும் புதியதையும் அட்டவணை பார்த்து ஒப்பிடுகிறவர்கள் அதிகம் இடறுகிறார்கள். 3060 டிஐ-க்கு 256 பிட், 448 ஜிகாபைட். அதன் வாரிசான 4060 டிஐ-க்கு 128 பிட், 288 ஜிகாபைட் மட்டும். பார்த்ததும் பின்னடைவு என்று தோன்றும். ஆனால் கேஷ் 4-இலிருந்து 32 மெகாபைட்டாக உயர்ந்திருக்கிறது. 1080பி திரையில் வேண்டிய தகவலில் பெரும்பகுதி கிணற்றிலேயே கிடைத்துவிடுவதால் புதியது முந்துகிறது. 4கே-க்குப் போனால் புள்ளிகள் நான்கு மடங்கு, கிணறு வற்றுகிறது, வாய்க்கால் குறுகலானது என்பது அப்போது தெரிகிறது. சில விளையாட்டுகளில் பழைய கார்டு அங்கே எட்டிப் பிடித்துவிடும். ஆகவே, "எது வேகமானது?" என்று கேட்பவரிடம், எந்தத் திரையில் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்லக் கூடாது.

பெயரை நம்பி வாங்குவதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2017-இல் வந்த ஜிடி 1030 கார்டில் ஜிடிடிஆர்5 நினைவகம், நொடிக்கு 48 ஜிகாபைட். அடுத்த ஆண்டே அதே பெயரில், டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொன்று விற்பனைக்கு வந்தது; நொடிக்கு 16.8 ஜிகாபைட். 384 கோர் என்பது இரண்டிலும் ஒன்றே. விளையாட்டில் இரண்டாவது ஏறக்குறைய பாதிதான் ஓடியது. கடைசிக் காசைத் திரட்டி மலிவான கார்டு வாங்குகிறவர்தான் இதில் ஏமாறுகிறார் என்பதே எனக்கு ஆறாத கோபம். ஜிடிஎக்ஸ் 970 கதையும் இதற்கு உறவுதான். 4 ஜிபி என்று விற்கப்பட்ட அந்தக் கார்டில் 3.5 ஜிபிதான் முழு வேகத்தில் ஓடியது. கடைசி அரை ஜிபி அதில் ஏழில் ஒரு பங்கு வேகம். 2015 ஜனவரியில் வெளியே வந்த இந்த உண்மை அமெரிக்காவில் வழக்காகி, மறு ஆண்டு கார்டு ஒன்றுக்கு 30 டாலர் தர உடன்பாடு ஆனது.

கோர் என்ற சொல்லின் பொருளும் தலைமுறைக்குத் தலைமுறை நகர்கிறது. 2080 டிஐ-யில் 4,352 கோர், 3080-இல் 8,704. ஆனால் கொத்துகளை எண்ணுங்கள்: இரண்டிலும் 68. மாறியது கொத்துக்குள்ளே. பழைய கொத்தில் தசமக் கணக்குக்கு 64 பொறி, முழு எண் கணக்குக்குத் தனியாக 64 பொறி. முதல் 64-ஐ மட்டும் கோர் என்று எண்ணினார்கள். புதிய கொத்தில் அந்த இரண்டாவது 64-க்கும் தசமக் கணக்கு கற்றுக்கொடுத்தார்கள். எண்ணிக்கை 128 ஆனது. ஆனால் முழு எண் வேலை மறைந்துவிடவில்லையே. விளையாட்டு நிரல்களில் 100 தசமக் கணக்குக்குச் சுமார் 36 முழு எண் கணக்கு வரும் என்று என்விடியாவே முந்தைய தலைமுறையில் சொல்லியிருந்தது. அதை வைத்துப் போட்டுப் பார்த்தால், 128 பொறிகளில் சராசரியாக 94 மட்டுமே தசமக் கணக்குக்கு மிஞ்சும். 64-லிருந்து 94, ஒன்றரை மடங்குக்கும் குறைவு. அதோடு நினைவக ஓட்டம் 616-லிருந்து 760 ஜிகாபைட்டாக, கால் பங்குக்கும் குறைவாகத்தான் உயர்ந்தது. 4கே-யில் அளந்தவர்களுக்குச் சராசரியாகக் கிடைத்தது 30 விழுக்காட்டை ஒட்டிய முன்னேற்றம். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் டெராஃப்ளாப் 13-இலிருந்து 30-ஆக எகிறியதைப் பார்த்து இரு மடங்கு வேகம் வரும் என்று எண்ணியவர்கள் அந்த எண்ணின் பொருள் மாறிவிட்டதைக் கவனிக்கவில்லை.

அண்ணன் மகனின் நோட்டுக்கு வருவோம். அதில் நான் அடிக்கோடிட்ட இன்னொரு வரி மின்சாரம். 1080 டிஐ 250 வாட். 3060 170 வாட். முன்னது டிஎஸ்எம்சி ஆலையின் 16 நானோமீட்டர் முறையில் 471 சதுர மில்லிமீட்டர் சிப்பு. பின்னது சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் 276. ஏறத்தாழ அதே அளவு டிரான்சிஸ்டர்கள் பாதியை நெருங்கும் பரப்புக்குள் அடங்கிவிட்டன. நாளுக்கு நான்கு மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் 80 வாட் வித்தியாசம் ஆண்டுக்கு 117 யூனிட். அந்த 80 வாட்டும் வெப்பமாகி அறைக்குள்தான் நிற்கும்; சித்திரை மாதத்தில் அது சிறிய விஷயமில்லை. ஆலையின் முறை மாறாதபோது என்ன ஆகும் என்பதற்கு 4090-உம் 5090-உம் சாட்சி. இரண்டும் டிஎஸ்எம்சியின் ஒரே 4என் குடும்பம். கோர் 33 விழுக்காடு கூடியது, மின்சாரமும் 450-லிருந்து 575 வாட்டாக 28 விழுக்காடு கூடியது, விளையாட்டில் கிடைத்த வேகமும் அதை ஒட்டியதுதான்.

இதுவரை சொன்ன எல்லாம் இரண்டு கார்டும் ஒரே வேலையைச் செய்யும்போது பொருந்தும். ஒன்றால் செய்யவே முடியாத வேலை வரும்போது அட்டவணை தீர்ந்துவிடுகிறது. 3060-இன் ஒவ்வொரு கொத்திலும் 1080 டிஐ-யில் இல்லாத இரண்டு உறுப்புகள் உள்ளன. ஒன்று ஒளிக்கதிருக்கானது. காட்சியில் உள்ள முக்கோணங்களைப் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கி, கதிர் எந்தப் பெட்டியைத் தொடுகிறது, கடைசியில் எந்த முக்கோணத்தில் படுகிறது என்று தேடுவதுதான் ரே டிரேசிங்கின் பாரமான வேலை. பக்கத்துக் கதிர்கள் வெவ்வேறு பெட்டிக்குள் நுழைவதால் 32 கோர் நடவு வரிசை குலைந்துபோகும். ஒருவர் நட, மற்றவர் காத்திருக்க வேண்டிவரும். அந்தத் தேடலைத் தனிப் பொறிக்குக் கொடுத்ததும் கோர்கள் விடுபடுகின்றன. இன்னொன்று டென்சர் கோர், எண் சதுரங்களை மொத்தமாகப் பெருக்குவது. இன்றைய செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்கு 16 பிட் எண்கள்தான் அடிப்படை. அவற்றை 1080 டிஐ தன் வழக்கமான வேகத்தில் 64-இல் ஒரு பங்கில்தான் கணக்கிடும். 3060-இன் டென்சர் கோருக்கு அதுவே தொழில். பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் படம் வார்ப்பதில், ஒளிக்கதிர்ப் பொறியின் துணையோடு, 3060 இரண்டு மடங்குக்கும் மேல் வேகம். 3,584-க்கும் 3,584-க்கும் நடுவே இத்தனை தூரம்.

விளையாட்டுகளும் இந்தப் புதிய மொழியைப் பேசத் தொடங்கிவிட்டன. 2023-இல் வந்த ஆலன் வேக் 2, மெஷ் ஷேடர் என்ற புதிய வழியில் உருவங்களைக் கட்டியது. அந்த வசதி இல்லாத 1080 டிஐ தன்னைவிட எளிய கார்டுகளிடம் தோற்றது. சில மாதம் கழித்து ஒரு திருத்தம் வந்து நிலைமை ஓரளவு சீரானது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டோ ரே டிரேசிங் பொறி இல்லாத கார்டை ஏற்பதே இல்லை. 11.3 டெராஃப்ளாப் வலிமை அப்படியே இருக்க, வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. அந்தக் கார்டின் தலைமுறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கேற்ற டிரைவர் தருவதையும் என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது.

புதிய மொழியில் ஓர் ஆபத்தும் உண்டு. 2025 ஜனவரியில் 5070 கார்டை அறிமுகப்படுத்தியபோது, 549 டாலருக்கு 4090-இன் திறன் என்று என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் அறிவித்தார். 16,384 கோர் கொண்ட கார்டை 6,144 கோர் கொண்டது எப்படி எட்டும்? நான்கு ஃபிரேமில் ஒன்றைத்தான் அது வரைகிறது. நடுவே மூன்றை ஊகித்து இட்டு நிரப்புகிறது. கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரியும். ஆனால் ஊகித்த ஃபிரேம்களுக்கு உங்கள் விரல் அசைந்தது தெரியாது. வரைந்த ஃபிரேமையும் ஊகித்த ஃபிரேமையும் ஒரே எண்ணாகக் கூட்டிக் கார்டுகளை ஒப்பிடுவது நேர்மையான ஒப்பீடு இல்லை.

அளப்பதிலும் இந்தத் துறை மெல்லத்தான் பக்குவப்பட்டது. நொடிக்குச் சராசரி 60 ஃபிரேம் என்றால் ஒன்றுக்கு 16.7 மில்லிநொடி. ஆனால் ஐம்பத்தொன்பது ஃபிரேம் விரைந்து வந்து ஒன்று மட்டும் கால் நொடி தாமதித்தாலும் சராசரி நன்றாகவே இருக்கும், பார்ப்பவருக்கு மட்டும் காட்சி இடறும். 2011-இல் ஸ்காட் வாஸன் என்ற அமெரிக்க விமர்சகர் நொடிக்குள்ளே போய் ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் அளந்து எழுதினார். அதன் பிறகே, மிக மெதுவான ஒரு விழுக்காட்டு ஃபிரேம்களைத் தனியாகப் பார்க்கும் வழக்கம் வேரூன்றியது. ஏரி நிரம்பி வழிந்ததை முதலில் காட்டிக்கொடுப்பது அந்த எண்தான். கார்டின் நினைவகம் போதாமல் மதர்போர்டு வழியே வெளியிலிருந்து எடுக்க நேர்ந்தால், 360 ஜிகாபைட் ஓடிய இடத்தில் அதில் ஒரு சிறு பங்குதான் சொட்டும். 8 ஜிபியோடு வரும் புதிய கார்டுகள் சில விளையாட்டுகளில் பழைய 11 ஜிபி கார்டின் முன் தடுமாறுவது இதனால்தான்.

அவன் 3060-ஐ வாங்கினான். பிராசசரில் இரவு முழுக்க வார்க்கப்பட்டுக்கொண்டிருந்த அவனுடைய காட்சி, இப்போது மெஸ்ஸில் சாப்பிட்டு வருவதற்குள் முடிந்துவிடுகிறதாம். 1080 டிஐ-யை அவனுடைய அறைத்தோழன் எடுத்துக்கொண்டான். முதல் வாரமே இருவரும் பழைய விளையாட்டு ஒன்றை 1440பி திரையில் பக்கம் பக்கமாக ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். இரவு பத்தரைக்குப் போன் வந்தது.

"சித்தப்பா, அவனுக்கு ஏழு ஃபிரேம் கூட வருது. வாய்க்கால்தானே?"